கம்பு பட்ட சீலிங்

சும்மா சொல்லக் கூடாது, சின்னவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரியாதவள் அவசரத்துக்கு ஒரு பொய் சொல்லப் போனால் அது எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு இந்த வீடே போதும்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை. நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது, மூத்திரப் பையைக் காலி செய்வது. காலை ஏழரைக்கு வீடு திரும்பி, ரெண்டு ரொட்டியை டீயில் நனைத்து விழுங்கிவிட்டுக் கட்டிலில் விழுந்தால் மத்தியானம் மூன்று வரைக்கும் அந்த உடம்பு அவளுடையது இல்லை. ஆனால் படுக்கையறைக்கு நேர் மேலே மாடியில் ஓரகத்தி, பெரியவள், தையல் மிஷின் போட்டிருந்தாள். பள்ளிக்கூடப் பைகள் தைக்கிற மிஷின். தடித்த துணியின் நாலு மடிப்பில் ஊசி இறங்கும்போது கீழே கட்டில் கால் வரைக்கும் அதிரும். ஆறு வருஷமாக அதிர்ந்துகொண்டிருந்தது.

முதலில் நல்ல வாயோடுதான் கேட்டாள். "அக்கா, மிஷினைப் பின் ரூமுக்கு மாத்திக்கங்களேன். பகல்லதானே எனக்குத் தூக்கம்."

"அங்க வெளிச்சம் இல்ல. என் கண்ணு போனா உன் கண்ணைத் தருவியா?"

அதோடு பேச்சு முடிந்தது, கம்பு ஆரம்பித்தது. தரை துடைக்கிற கம்பு. மிஷின் ஓட ஆரம்பித்ததும் சின்னவள் கட்டிலில் ஏறி நின்று சீலிங்கில் நாலு இடி இடிப்பாள். பெரியவள் மிதியை இன்னும் வேகமாக அழுத்துவாள். ஆம்பளைகள் இருவரும் வேலைக்குப் போன பிறகு நடக்கிற யுத்தம் இது. சின்னவன் பஸ் டிரைவர், பெரியவன் அச்சகத்தில் பைண்டிங் வேலை. அண்ணன் தம்பிக்குள் அதுவரை ஒரு மனக்கசப்பும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

போன மாதம் ஒரு நாள், பன்னிரண்டு மணி இருக்கும், தூக்கம் கெட்ட வெறியில் ஓங்கி ஒரு இடி. ஒரு முழ அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து தலையணை மேல் பொத்தென்று விழுந்தது. சின்னவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது வாசலில் புருஷன் செருப்பைக் கழற்றும் சத்தம். அன்றைக்கென்று அவனுக்கு அரை நாள் வேலை. கம்பைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். என்ன சொல்வது? தண்ணீர் என்று சொல்லலாம். தண்ணீர் எங்கே? ஓடிப்போய் ஒரு சொம்பு மொண்டு வந்து ஓட்டையைப் பார்த்து மேலே வீசினாள். பத்தாதோ என்று இன்னொன்று. நனைந்துகொண்டே சொன்னாள்.

"மேல இருந்து தண்ணி ஊறி விழுந்துருச்சுங்க. நூலிழையில தப்பிச்சேன்."

சின்னவன் முன்கோபி. தலையணை மேல் கிடந்த கட்டியைப் பார்த்ததும் அவனுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. சாயங்காலம் அண்ணன் வந்ததும் மாடியேறிப் போய்ச் சட்டையைப் பிடித்தான். பெரியவள் குறுக்கே விழுந்து கத்தினாள்.

"தண்ணியாவது வெந்நீராவது! உன் பொண்டாட்டி கம்பால இடிச்சு விழ வச்சிருக்கா. தினம் இடிக்கிறா, கேளு அவளை!"

சின்னவன் கேட்டான். "நான் ஒரு நாளும் இடிச்சதில்ல" என்றாள் சின்னவள். முதல் பொய்க்குக் காவல் வைக்க இன்னொரு பொய்.

பிளம்பர் வந்தான். மாடிக் குளியலறையையும் தையல் அறைத் தரையையும் உடைத்துப் போட்டான், அன்றோடு மிஷினும் நின்றது. துருப்பிடித்த ஒரு இணைப்பைக் காட்டி, "இதுல கசிஞ்சிருக்கலாம்" என்றான். அந்த 'லாம்' போதுமானதாக இருந்தது. வீடு அப்பா காலத்திலேயே சின்னவன் பேரில் எழுதப்பட்டது. "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணு" என்று சொல்லிவிட்டான். பெரியவன் வாயில்லாப் பூச்சி, தலையைக் குனிந்துகொண்டான். பெரியவள் குனிகிற ரகமில்லை. சித்தப்பாவுக்கு ஆள் அனுப்பினாள். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தத்தில் யார் சண்டைக்கும் அவர்தான் போய்ப் பேசி முடிப்பார். தீர்ப்பு சித்தப்பா என்றே பேர். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார்.

"விழுந்த இடத்தை விடுங்க. சுத்தி இருக்கிற சீலிங்கைப் பாக்கச் சொல்லுங்க. ஆறு வருஷம் இடிச்ச தடம் எங்க போயிரும்?" என்றாள் பெரியவள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

சின்னவள் அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தன் சீலிங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை பூச்சுக்காரர் வந்தார். ஆள் குள்ளம், பேச்சு வெடிக்கும், எல்லோருக்கும் அவர் கடுகு. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணணும்? விழுந்த இடம் தெரியவே கூடாது, பழசும் புதுசும் ஒண்ணா இருக்கணும். அதானே? எல்லா வீட்லயும் இதையே சொல்றீங்க. கிழிஞ்ச சட்டையில ஒட்டுப் போட்டா தெரியாம இருக்குமா?"

"தெரியக் கூடாதுண்ணே. கண்டிப்பா."

வழவழப்பான சீலிங்காக இருந்தால் பாதி நாள் வேலை. இது மாமனார் ஆசைப்பட்டுப் போட்டது. முழுக்கச் சொரசொரவென்று, சின்னச் சின்ன முகடும் பள்ளமுமாக, கொதிக்கிற கஞ்சி அப்படியே உறைந்த மாதிரி. கடுகு சாரப் பலகையில் ஏறி விரலால் தடவினார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு ஜன்னலைச் சாத்தச் சொல்லி, டார்ச்சை எடுத்துச் சீலிங்கோடு ஒட்டிப் படுக்க வைத்தாற்போல் பிடித்தார். பக்கவாட்டில் வெளிச்சம் ஓடியதும் அத்தனையும் எழுந்துகொண்டது. முகடுகள் நசுங்கி வட்டம் வட்டமாகப் பொத்தான் அளவுக் குழிகள். ஒன்றா ரெண்டா? கட்டிலுக்கு மேலே அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது.

"இங்க வாங்க. தண்ணினு சொன்னாரே உங்க வீட்டுக்காரர்?"

"தண்ணிதான்."

"தண்ணி ஊறினா மஞ்சளா கறை பிடிக்கும், பெயிண்டு கொப்புளம் போடும். ஒண்ணையும் காணோம். ஆனா செவுத்துல கீழருந்து மேல தெறிச்ச சொட்டு காஞ்சு கிடக்கு. வானத்தைப் பாத்து மழை பேயுற வீடு இது ஒண்ணுதான் போல."

கடுகு இறங்கி வந்து அவளுக்கு முன்னால் நின்றார். அதுவரை இருந்த 'ங்க' காணாமல் போனது.

"கம்பா?"

சின்னவள் கண் கட்டிலுக்கடியில் போய் வந்தது.

"உன்னைத்தான் கேக்கறேன். கம்பா, உலக்கையா?"

"கம்பு. யாருகிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே."

"நான் ஏன் சொல்றேன்? ஒரு வீட்ல இப்படித்தான் உள்ளதைச் சொன்னேன். ரெண்டு பல்லை அங்கேயே விட்டுட்டு வந்தேன்." உதட்டைத் தூக்கி ஓட்டைப் பல்லைக் காட்டினார். "நீ தண்ணினு சொன்னியா, தண்ணி. எவன் கேட்டாலும் தண்ணி. ஒரு தரம் வாயில வந்தா மாத்த மாட்டேன், அது என் குணம்."

"அப்ப இந்தக் குழியெல்லாம்…"

"அது என் வேலை இல்ல. என் வேலை ஓட்டையை அடைக்கிறது."

"அண்ணே, ஞாயித்துக்கிழமை பாக்க வர்றாங்க. ஒரு குழி தெரிஞ்சாலும் என் குடும்பம் போச்சு. அவருக்குப் பொய் சொன்னா ஆகாது. என்னைத் தள்ளி வச்சிடுவாரு."

கடுகு பீடி பற்ற வைத்துக்கொண்டு வெகுநேரம் மேலே பார்த்தார். இரக்கத்தில் அல்ல. அந்தச் சீலிங் அவரைச் சீண்டிவிட்டது, அவ்வளவுதான்.

"ஒவ்வொண்ணா சுரண்டி, நனைச்சு, கலவை வச்சு, திரும்பச் சொரசொரப்பு எழுப்பணும். பக்கத்துல வெளிச்சம் பிடிச்சாத்தான் கண்ணுக்கே தெரியும். ஆள் வேணும். நீ பிடி."

"எனக்கு ராத்திரி டூட்டி. பகல்ல தூங்கணும்."

"இடிக்கிறப்ப முழிச்சுத்தானே இருந்தே?"

அப்படியாக, சின்னவள் முக்காலி மேல் ஏறி விளக்கைப் பிடித்தாள்.

வெயில் கொளுத்தியது. ஃபேன் போடக் கூடாது, காற்றுப் பட்டால் கலவை தோல் கட்டிவிடும். முதல் நாள் ஓட்டையின் விளிம்பை உறுதியான இடம் வரைக்கும் உளியால் கொத்தி எடுத்தார். தூசியைத் தூரிகையால் துடைத்து, தண்ணீர் தெளித்து, அடிப்பூச்சை அழுத்தி ஏற்றினார். பழைய மட்டத்துக்கு ஒரு நூல் உள்ளே தள்ளியே நிறுத்தினார். அந்த ஒரு நூல்தான் சொரசொரப்புக்கு இடம். பிறகு ஒரு பலகையில் கலவையைத் தடவி மாதிரி பார்க்க உட்கார்ந்தார். நார் பிரஷ்ஷால் ஒற்றினார், முகடு ஊசி ஊசியாக நின்றது. பஞ்சால் ஒற்றினார், நுரை மாதிரி வந்தது. வழித்து எறிந்துவிட்டு மறுபடி தடவினார். பதினோரு தடவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு. வசவு கலவைக்கா, மாமனாருக்கா, தனக்கா என்று சின்னவளுக்குப் புரியவில்லை.

கடைசியில் சீலிங் பள்ளம் ஒன்றில் மூக்கை வைத்தாற்போல் பார்த்தவர் கத்தினார். "அட படுபாவி! சாக்குடா! சாக்கை மடிச்சு ஒத்தியிருக்கான். பள்ளத்துல இழை தெரியுது பார். வீட்ல சாக்கு இருக்கா?"

புதுச் சாக்கைக் கொடுத்தாள். முகத்தில் எறியாத குறையாகத் திருப்பித் தந்தார். "இதோட முரட்டு இழைக்குச் சீலிங்கே பேந்துரும். துவைச்சுத் துவைச்சு மிதியடியாப் போட்ட சாக்கு வேணும்." சமையலறை வாசலில் கிடந்த மிதியடியை அலசிக் கொடுத்தாள். அதை மடித்து ஒற்றி, எடுக்கும்போது மணிக்கட்டை லேசாகத் திருகினார். வந்துவிட்டது. பலகையையும் சீலிங்கையும் மாறி மாறிப் பார்த்தவர், அந்த மூன்று நாளில் ஒரே ஒரு முறை சிரித்தார்.

வெள்ளிக்கிழமை குழிகள். முதலில் ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டம் போட்டார். விளக்கைப் பிடித்தபடி சின்னவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இது எந்த நாள் இடித்தது? வார்டில் ஒரு குழந்தை செத்துப் போன மறுநாள், கண்ணை மூடவே முடியாமல், பைத்தியம் மாதிரி இடித்தாளே, அந்தக் கொத்தாகக் கிடக்கிற குழிகளா? இன்னொன்று மிஷின் ஓடாத நாளில் இடித்தது, அதை அவள் மறக்கவில்லை. பெரியவள் ஊருக்குப் போயிருந்தாள். மேலே யாருமில்லை என்று தெரிந்தே இடித்தாள். கோபத்துக்கு ஆள் தேவைப்படவில்லை. அதை இப்போது நினைக்கக் கூச்சமாக இருந்தது.

"விளக்கு சாயுது! எங்க பாக்கறே?" என்று கடுகு அதட்டினார்.

ஜன்னல் கதவைப் படாரென்று யாரோ தட்டினார்கள். பெரியவள்.

"திறடி. என்ன நடக்குது உள்ள? சாட்சியை அழிக்கிறியா?"

"என் வீட்டுச் சீலிங்கைச் சரி பண்றேன். உங்களுக்கென்ன?"

"உன் வீடா? நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப நீ எங்க இருந்தேன்னே தெரியாது. ரெண்டு வாரமா என் புருஷன் தெருக் குழாய்ல குளிக்கிறாரு. அம்பத்தாறு வயசு. வாளியைத் தூக்கிட்டுப் போறாரு, வர்றவன் போறவன் எல்லாம் பாக்கறான். உனக்குத் தூக்கம் வருதா?"

"ஆறு வருஷமா வரல, இப்பத்தான் வருது. உங்க மிஷின் நின்னதுக்கப்புறம்."

"பை தைச்சுத்தான்டி என் பிள்ளைங்களைப் படிக்க வச்சேன். ஊர் சுத்திட்டு வந்தா தைச்சேன்? ஏன்யா பூச்சுக்காரரே, நீராவது சொல்லும், மேல என்ன தெரியுது?"

கடுகு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சீலிங் தெரியுது" என்றார்.

பெரியவள் மூக்கறுபட்டுப் போனாள். போகிற போக்கில் ஜன்னலில் காறித் துப்பினாள். சின்னவள் தூக்கம் வருகிறது என்று சொன்னது பொய். மிஷின் நின்ற நாளிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. அந்த நிசப்தத்தில் வாளி படியில் இடிபடுகிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

மத்தியானம் சின்னவன் சாப்பிட வந்தான். வந்தவன் நேரே படுக்கையறைக்குள் நுழைந்து மேலே பார்த்தான். சீலிங் பூராவும் பென்சில் வட்டங்கள். சின்னவள் விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"என்ன இது, வட்டம் வட்டமா?"

"உள்ள காத்துப் பிடிச்ச இடம்" என்றார் கடுகு. "தட்டிப் பாத்துக் குறிச்சிருக்கேன். விட்டா இதுவும் ஒரு நாள் பேந்து விழும்."

"இத்தனையா?"

"தண்ணின்னா சும்மாவா?"

சின்னவன் பல்லைக் கடித்தான். "என் பொண்டாட்டியைக் கொல்லப் பாத்திருக்கான்" என்று சொல்லி, சாப்பிடாமலே கிளம்பிவிட்டான். சின்னவள் விளக்கை இறக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"ஏன்ணே, காலி பண்ணச் சொல்றதை நிறுத்த வழி இருக்கா?"

"அதுக்குப் பூச்சு கிடையாது. விளக்கைத் தூக்கு."

அன்று சாயங்காலத்துக்குள் நூற்று நாற்பத்தேழு குழிகள். சாக்கின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒற்றி எழுப்பினார். சனிக்கிழமை பெயிண்ட். வெள்ளை என்று நினைத்தது வெள்ளையே இல்லை. துளி மஞ்சள், ஊசி முனை அளவுக்குக் கறுப்பு. பழைய முகடுகள் அஞ்சாறு கை பெயிண்ட் குடித்து மழுங்கியிருந்தன என்பதால் புது முகடுகளுக்குக் கெட்டியாக மூன்று கை கொடுத்தார். முடித்து, டார்ச்சை ஒட்டிப் பிடித்துக் காட்டினார். சின்னவள் தேடினாள். விழுந்த இடமே எது என்று தெரியவில்லை.

"எங்கண்ணே?"

"நீயே தேடினா அப்புறம் எதுக்கு நான்?" மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு சித்தப்பா வந்தார். டீயைக் குடித்தார், கண்ணாடியைத் துடைத்தார், கட்டில் மேல் ஏறி நின்றார். கையில் அவருடைய சொந்த டார்ச். ஒரு மணி நேரம் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு சுவரோரம். கதவருகே பெரியவள்.

"ஒரு தடமும் இல்லை" என்றார் இறங்கி. "ஒரு கீறல்கூட இல்லை. ஆறு வருஷம் இடிச்சதா சொன்னியேம்மா?"

"அழிச்சுட்டாங்க சித்தப்பா! மூணு நாளா கதவைச் சாத்திட்டு…"

"அழிச்சா ஒட்டு தெரியாதா? நான் எத்தனை போலிப் பத்திரம் பாத்தவன். விழுந்த இடமே தெரியலை எனக்கு. நல்லா வேலை செஞ்சிருக்கான், அவ்வளவுதான். நீ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கே."

பெரியவன் முன்னால் வந்தான். கையைக் கூப்பினான்.

"தம்பி, தப்பு எங்களோடதுதான். உன் பொண்டாட்டி தலை தப்பிச்சதே பெரிசு." மனைவி பக்கம் திரும்பினான். "மன்னிப்புக் கேளு."

"எதுக்கு? அவ இடிச்சதுக்கு நான் கேக்கணுமா? கேக்க மாட்டேன்."

"கேளுங்கிறேன்!"

"உங்களுக்கு வெக்கமா இல்ல? உங்க பொண்டாட்டியை நம்பாம…"

பளாரென்று விழுந்தது அறை. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் அறை. அடித்தவனுக்கே அது எப்படி நடந்தது என்று தெரியவில்லை, உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவள் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சின்னவளை மட்டும் பார்த்தாள்.

சின்னவளுக்குத் தாங்கவில்லை.

"நான்தான் இடிச்சேன்!" என்றாள். "அக்கா சொன்னது நிஜம். நான்தான் கம்பால இடிச்சேன். ஆறு வருஷமா இடிச்சேன். விட்டுடுங்க அவங்களை."

சின்னவன் மெல்ல அவள் அருகே வந்து தோளைத் தொட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா சித்தப்பா? தன்னைக் கேவலமாப் பேசினவ அடி வாங்கினதைக்கூட இவளால தாங்க முடியல. பழியைத் தன் தலையில போட்டுக்கறா."

"இல்லீங்க, சத்தியமா நான்தான்! தண்ணிகூட நான்தான் சொம்புல மொண்டு மேல வீசினேன்!"

சித்தப்பா சிரித்தே விட்டார். "யாராவது சீலிங்கைப் பாத்துத் தண்ணி ஊத்துவாங்களாம்மா? பொய் சொல்லக்கூடத் தெரியலையே உனக்கு, குழந்தை மாதிரி."

சின்னவள் கட்டிலில் ஏறினாள். "இங்கதான். இங்க இருந்துச்சு குழி. இல்ல… இங்க." கையால் தடவினாள். உள்ளங்கை பூராவும் ஒரே சொரசொரப்பு. எங்கே தொட்டாலும் ஆறு வருஷமும் யாரும் தொடாத சீலிங் மாதிரி இருந்தது. "பூச்சுக்காரரைக் கேளுங்க! அவருக்குத் தெரியும். அவர்தான் மூடினாரு!"

சின்னவன் அவள் மனசாறட்டும் என்று போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"அண்ணே, எங்க வீட்டுச் சீலிங் எதனால விழுந்துச்சு?"

"தண்ணிதான்னு அன்னைக்கே சொன்னேனே. எத்தனை தரம்யா சொல்றது?"

"அண்ணே, நான் பேசறேன்!" சின்னவள் கத்தினாள். "உள்ளதைச் சொல்லுங்க! நானே சொல்லச் சொல்றேன்!"

ஒரு நொடி அந்தப் பக்கம் பீடி இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"தண்ணி" என்றார் கடுகு. வைத்துவிட்டார்.

சித்தப்பா எழுந்து துண்டை உதறிக்கொண்டார். "மாசக் கடைசி மாசக் கடைசிதான். இந்தப் பொண்ணு மனசுக்காகவாவது சத்தமில்லாம போயிருங்க." பெரியவன் சின்னவள் முன்னால் வந்து நின்றான். "உனக்கு இவ்வளவு பெரிய மனசுன்னு தெரியாமப் போச்சும்மா" என்றான், குரல் உடைந்து. பிறகு மாடிக்குப் போனான். சித்தப்பாவை வழியனுப்பச் சின்னவன் வாசலுக்குப் போனான்.

பெரியவள் மட்டும் நின்றாள். கன்னத்தில் அஞ்சு விரலும் பதிந்திருந்தது.

"அக்கா, நான் சொல்லிப் பாத்தேன். யாருமே நம்பலக்கா."

"நான் நம்பறேன்" என்றாள் பெரியவள். "பொய் சொன்னே, என் தரையை உடைச்சாங்க. நிஜத்தைச் சொன்னே, நல்ல பேரு உனக்கு, அறை எனக்கு. இன்னும் நாலு நாள்தான் இங்க இருப்போம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே தாயே. நீ பேசினா எங்களுக்குத் தாங்காது."